ஏற்பாட்டில் குறையில்லை

மலையேற்றத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், சார். காலையில் கட்டிய தயிர்சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். அதைத் தின்ற பிள்ளை இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எலுமிச்சைச் சாதம்தான் சரி. சுற்றறிக்கையில் ஒவ்வொரு தடவையும் முதல் வரியாக இதைத்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பாதிப் பிள்ளைகள் தயிர்சாதத்தோடுதான் வந்து நின்றார்கள். அதை யாராவது படித்தால்தானே.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து ஆரம்பித்தேன். கன்னடம் எனக்கு நன்றாகப் பேச வரும். எழுதினால் தடுமாறுவேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர், தமிழில் எழுதுங்கள், நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன் என்றார். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகத்தான் பஸ் பிடித்து வந்தேன். டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் பதிவு செய்திருக்கும் ஆஞ்சலா வழக்கில் ஒரு வரி தவறாக இருக்கிறது. அதைத் திருத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. எந்த வரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடந்தது தெரியாமல் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் பால்ராஜ். ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறேன். வைட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன். எங்கள் சாரணர் குழு எந்தப் பள்ளிக்கூடத்தையும் சேர்ந்தது இல்லை. ஓப்பன் குரூப் என்பார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் மைதானத்தில் கூடுவார்கள். அவர்களை மலைக்கும் ஏரிக்கும் கூட்டிக்கொண்டு போகும் பயணங்களை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. "இதுக்கு என்ன சம்பளமா குடுக்குறாங்க? ஞாயித்துக்கிழமையாச்சும் வீட்ல இருங்களேன்" என்று என் மனைவி ஷோபா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

ஏற்பாடு என்றால் பஸ் பிடிப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் ஒவ்வொரு மலைக்கும் முன்கூட்டியே தனியாகப் போய் ஏறி இறங்கிப் பார்ப்பேன். எந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும், எந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது, போன் எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது, பக்கத்து ஊரில் ஜீப் வைத்திருப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பாரா, இவ்வளவையும் பார்ப்பேன். எந்தப் பிள்ளைக்கு வீசிங், எந்தப் பிள்ளைக்கு உயரம் என்றால் பயம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தயாராக இரு என்பதுதான் சாரணர் இயக்கத்தின் குறிக்கோள். மற்றவர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். நான் அதைச் செய்தேன்.

இவ்வளவும் செய்தால் என்ன நடக்கும் தெரியுமா, சார்? ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் போவார்கள், கத்துவார்கள், பாடுவார்கள், வெயிலில் முகம் கறுத்து வீடு திரும்புவார்கள். விழாமல் போன பிள்ளைக்காக எந்தத் தாயும் நன்றி சொல்ல வரமாட்டாள். விழுந்திருக்கக்கூடும் என்பதே அவளுக்குத் தெரியாது.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. மீட்புப் படையிலும் இருந்தார். விபத்து இல்லாத நாட்களில் அவரை வீட்டில்கூட யாரும் மதிக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சத்தம் போடுவார், அவ்வளவுதான். ஆனால் கீழே பாறை வெடித்துச் சங்கு ஊதிய நாட்களில் காலனி முழுவதும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பெண்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டுவார். சங்குச் சத்தம் கேட்டால் மற்ற பிள்ளைகள் அம்மாவிடம் ஓடுவார்கள். நான் ஓடியதில்லை. இன்றைக்கு நம் வீடுதான் பெரிய வீடு என்று தோன்றும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு எல்லாம் விளங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏரிக்கரையில் ஆஞ்சலாவைத் தேனீக்கள் கொட்டின. அப்போது அவள் சின்னப் பெண். முகம் வீங்கி மூச்சு இழுத்தது. என் பையில் மருந்து இருந்தது. ஜீப்காரர் நம்பர் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், ஏனென்றால் இருப்பாரா என்று முன்பே கேட்டிருந்தேன். அடுத்த ஞாயிறு அவளுடைய அம்மா பிரிசில்லா பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஜீவனஹள்ளியில் இட்லி மாவு அரைத்து விற்கிற பெண்மணி. கை சில்லென்று இருந்தது. "நீங்க இல்லன்னா எம் புள்ள இல்ல, அண்ணா" என்றார். சர்ச் வாசலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அதற்குப் பிறகு வந்த பயணங்களில் மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டிரேவர் வந்து சேர்ந்தான். காக்ஸ் டவுன் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. சாரணர் தலைவர் பயிற்சி முடித்தவன் என்றார்கள். என்ன பயிற்சியோ. முதல் பயணத்துக்கே கயிறு கொண்டுவர மறந்துவிட்டு வந்தான். "பரவாயில்ல அங்கிள், நீங்க எப்படியும் கொண்டு வந்திருப்பீங்கல்ல" என்று சிரித்தான். கொண்டு வந்திருந்தேன்தான். அந்தக் கயிற்றில் பிள்ளைகளைப் பாறையிலிருந்து இறக்கினான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். கயிறு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிள்ளைகள் வரிசையாக "தேங்க்யூ டிரேவர் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நான் கடைசி சீட்டில் யாரோ வாந்தி எடுத்ததைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் சுற்றறிக்கையைப் பற்றி ஒருமுறை அவன் என்னிடமே சொன்னான். "அங்கிள், இவ்ளோ பெருசா அனுப்புனா எவன் படிப்பான்? நான் வாய்ஸ் மெசேஜ் போட்டுடுறேன். சும்மா டென்ஷன் பண்ணிக்காதீங்க." பிள்ளைகள் எனக்கு டென்ஷன் அங்கிள் என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வைத்தது யாரென்றும் தெரியும்.

ஆக, நான் சின்னச் சின்ன ஏற்பாடுகள் செய்ய ஆரம்பித்தேன். தண்ணீர் டிரம்மின் குழாயை லேசாகத் திறந்துவிட்டேன், மலை உச்சிக்குப் போவதற்குள் டிரம் காலி. மாற்றுத் தண்ணீரைப் பாறை இடுக்கில் முதல் நாளே ஒளித்து வைத்திருந்தேன். நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நான் கொண்டுபோய் ஊற்றினேன். இன்னொரு முறை வீசிங் உள்ள ஒரு பையனின் இன்ஹேலரை அவன் பையிலிருந்து எடுத்துப் பஸ்ஸில் வைத்துவிட்டேன். அவனுக்கு இழுப்பு வந்தபோது டிரேவர் அவன் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் சட்டைப்பையில் அதே மருந்து இருந்தது. கொஞ்ச நேரம்தான் பையன் சிரமப்பட்டான். மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்தப் பிள்ளைக்கும் நான் எதுவும் செய்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், சார். முக்கியம்.

இந்தக் குழுவில் என் வேலையை மதித்தது ஒரே ஒருத்திதான். ஆஞ்சலா. தேனீ கொட்டிய பெண் வளர்ந்து அணித்தலைவி ஆகியிருந்தாள். சுற்றறிக்கையை முழுவதும் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்பாள். எலுமிச்சைச் சாதம்தான் கொண்டு வருவாள். தடக்குறி என்று ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் கல்லாலும் குச்சியாலும் வழியில் அடையாளம் வைத்துக்கொண்டே போவார், பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து வருவார்கள். அம்புக்குறி என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை. வட்டத்துக்கு நடுவில் ஒரு கல் வைத்தால், நான் வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள். அதை அவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டாள். "சார், குச்சில வெச்சா காத்துல நகந்துடுது. கல்லுலயே வைங்க சார், அப்பதான் நம்பி வரலாம்" என்று எனக்கே திருத்தம் சொன்னாள். அன்றிலிருந்து நான் கல்லில்தான் வைத்தேன்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவின் தலைவி கேரல், ஓய்வு பெற்ற ஆசிரியை. சாந்தமாகப் பேசுகிறவர். அவர் வீட்டு ஹாலில் கமிட்டி உட்கார்ந்தது. கேக் இருந்தது, வடை இருந்தது. கேரல்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"பால்ராஜ், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இனிமே ட்ரிப் எல்லாம் ஒரு அட்வெஞ்சர் கம்பெனி கிட்ட குடுத்துடலாம்னு டிரேவர் சொல்றான். கைடு, கயிறு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

"அந்த மலைக்கு அவங்க முன்னாடி போய்ப் பாத்தாங்களா, மேடம்?" என்று கேட்டேன்.

"மேப்ல எல்லாம் தெரியுது அங்கிள். சேட்டலைட் வியூ" என்றான் டிரேவர், வடையைத் தின்றுகொண்டே.

"இந்த ஒரு ட்ரிப் பழையபடி போகலாம். ஆனா நீங்க முன்னாடி போய் அலைய வேணாம். வயசாகுதுல்ல, தேவையில்ல" என்றார் கேரல். "அப்புறம் நீங்க ரெஸ்ட் எடுங்க. உங்களுக்கு ஒரு நல்ல சால்வையா போட்டு அனுப்பணும்னு எல்லாருக்கும் ஆசை."

சால்வை. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வெளியே வந்து பைக்கைத் தள்ளிக்கொண்டே வீடு வரை நடந்தேன். அவமானமாக இருந்தது, சார். வேறு வார்த்தை இல்லை. என் வேலை தப்பு என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். தேவையில்லை என்றார்கள்.

கடைசிப் பயணம் குதுரேகல்லு பெட்டாவுக்கு. உங்கள் எல்லைக்குள் இருக்கும் குன்றுதான், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதி ஏற்றத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. வலதுபக்கம் மாடு போய்ப் போய்த் தேய்ந்த நல்ல பாதை, குன்றைச் சுற்றி ஊருக்கு இறங்கும். இடதுபக்கம் பழைய கல்குவாரிக்குப் போகிறது. கைவிட்ட குவாரி, மழைத்தண்ணீர் தேங்கி ஆழமாக நிற்கிறது. அதற்கு மேலே ஓர் அறை அகலத்துக்குப் பாறைத் தட்டு. பாதை அங்கே முடிந்துவிடும். கேரல் வேண்டாம் என்றும் நான் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்தேன். தட்டின் மேல் நின்று குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. அங்கே போன் எடுக்காது. எதிர்க்கரையில் ஒரு புங்கமரம், குவாரிப் பக்கத்தில் அதன் அடியில் மட்டும் நன்றாக எடுக்கும்.

என் திட்டம் எளிமையானது. மதிய உணவுக்குப் பிறகு வழக்கம்போலத் தடக்குறி விளையாட்டு. வழக்கம்போல நான்தான் முன்னால் போய்க் குறி வைப்பேன். பிரிவில் அம்பை இடதுபக்கம் திருப்பி வைத்தால் டிரேவர் பிள்ளைகளோடு தட்டில் போய் நிற்பான். வெயில் சாய ஆரம்பித்திருக்கும். ஏறிய சரிவில் பிள்ளைகளைத் திருப்பி இறக்க அவனுக்குத் தெரியாது. கயிறு இருக்காது, டார்ச் இருக்காது. அழுகை ஆரம்பிக்கும். அவனும் கொஞ்சம் அழட்டும். சிக்னல் கிடைக்கும் பிரிவு வரை தட்டுத்தடுமாறித் திரும்பிப் போய்க் கேரலுக்குப் போன் செய்வான். மூட்டு வலிக்காரரான கேரல் கீழே பஸ்ஸில்தான் இருப்பார். அவர் என்னைக் கூப்பிடுவார். அவர் கூப்பிடும் வரை நான் எதிர்க்கரையில் கயிறு, டார்ச், குளுக்கோஸ், முதலுதவிப் பை எல்லாவற்றோடும் தயாராக இருப்பேன். யாருக்கும் அடிபடக் கூடாது என்பதுதான் முதல் விதி.

இடதுபக்கப் பாதையின் வாயில் ஊர்க்காரர்கள் மாடு போகாமல் முள் அடைத்திருந்தார்கள். பயணத்தன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் ஏறி அதை இழுத்து ஓரமாகப் போட்டேன். பிள்ளைகள் கையில் கீறிவிடக் கூடாது இல்லையா.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்துவிட்டு வந்ததற்கும் பயணத்துக்கும் நடுவில் மழை பெய்தது. மழை பெய்தால் மறுபடி போய்ப் பார்ப்பது என் வழக்கம். போகவில்லை. தேவையில்லை என்று தலைவியே சொன்ன பிறகு ஒரு மனிதன் எத்தனை முறை போவான்? அந்தத் தட்டின் விளிம்பில் மண் கரைந்திருந்தது என்றால் அதற்கு யார் பொறுப்பு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிரேவர் பிரிவுக்கு வந்தான். குறியைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடத்தில் அவன் குனிந்து ஒரு குறியைப் பார்த்ததில்லை, அதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். வலதுபக்கம் பாதை நன்றாகத் தேய்ந்திருந்தது, அதில் நடக்க ஆரம்பித்துவிட்டான். பிள்ளைகளும் பாடிக்கொண்டே பின்னால் போனார்கள். ஆஞ்சலாதான் நின்றாள். மற்ற பிள்ளைகள் உங்களிடம் சொன்னதையே நானும் கேட்டேன்.

"அண்ணா, குறி லெஃப்ட்ல இருக்கு" என்றாளாம்.

"மாடு கீடு தட்டிவிட்டிருக்கும். வா, வா" என்றானாம் டிரேவர்.

"பால்ராஜ் சார் கல்லுல வெச்சிருக்காரு அண்ணா. சார் வெச்சா தப்பா இருக்காது."

"சரி, போய்ப் பாத்துட்டு ஓடி வா. நாங்க மெதுவா நடக்குறோம்."

தனியாக யாரையும் அனுப்பக் கூடாது என்பது சுற்றறிக்கையில் இருக்கிறது. அவன் படித்ததில்லை.

என் குறிகளைப் பார்க்காதவர்கள் எல்லோரும் பத்திரமாகக் கீழே இறங்கினார்கள். பார்த்தவள் தட்டுக்கு வந்தாள். அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை, சார். புங்கமரத்தடியில் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கற்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு விசில் கேட்டது.

ஆபத்து விசில் எப்படி ஊத வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல், மாறி மாறி. பயத்தில் பிள்ளைகள் இதை மறந்து கன்னாபின்னாவென்று ஊதுவார்கள். இவள் மறக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தட்டுக்குக் கீழே, தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு பாறை நீட்டத்தில் கிடந்தாள். ஒரு கால் மடங்கியிருந்தது. ஒரு கையால் ஏதோ வேரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விசிலை வாயில் வைத்திருந்தாள். என்னிடம் கயிறு இருந்தது. அந்தப் பக்கம் போக அதிக நேரம் ஆகாது. வழி எனக்குத் தெரியும்.

நான் போகவில்லை. ஏன் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் அப்போதே போய்த் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பெண் வழி தவறினாள், பக்கத்தில் இருந்த டென்ஷன் அங்கிள் தூக்கிவிட்டார், அவ்வளவுதான். டிரேவருக்கு விஷயமே தெரிந்திருக்காது. கேரல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். அடுத்த வாரம் சால்வை போட்டிருப்பார்கள். அவர்கள் தேட வேண்டும், பதற வேண்டும், பால்ராஜ் எங்கே என்று கேட்க வேண்டும். போன் வந்ததும் எழுந்து ஓட வேண்டும் என்று பூட்ஸ் கயிற்றைக்கூட இறுக்கிக் கட்டிக்கொண்டேன். போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா. ஒரு பிள்ளை குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு இவ்வளவு நேரமா? தலை எண்ணிப் பார்க்க மாட்டார்களா? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். குன்றைச் சுற்றிப் போனவர்களுக்கு அது எட்டவில்லை. குறுகியது, நீண்டது. குறுகியது, நீண்டது. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானது, ஆனால் முறை தவறவில்லை. ஒரு கட்டத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை ஒருத்தியாவது ஒழுங்காகச் செய்கிறாளே என்று. பிறகு விசில் நின்றது. தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கல் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் சரி.

கேரலின் போன் அதற்குப் பிறகுதான் வந்தது. "பால்ராஜ், எங்க இருக்கீங்க? ஆஞ்சலாவக் காணோம். சீக்கிரம் வாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல, நீங்கதான் வரணும்" என்று அழுதார். அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் நான் அவ்வளவு நாள் எதிர்பார்த்திருந்தேன். கேட்டதும் எழுந்து ஓடினேன். கயிறு கட்டி இறங்கினேன். தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான். டிரேவர் கரையில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கல்லறையில் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே புது மண்ணின் மேல் கற்களால் வட்டம் வைத்து நடுவில் ஒரு கல் வைத்தார்கள். வட்டம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. குனிந்து சரிசெய்தேன். பிரிசில்லா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கூடப் போயிருந்தா எம் புள்ள இருந்திருப்பா, அண்ணா" என்றார். அன்றைக்கு அந்தக் கை சுட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. கேரல் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இனிமேல் எல்லாப் பயணமும் உங்கள் கையில்தான் என்றார். டிரேவரை நீங்கள் கைது செய்து ஜாமீனில் விட்டீர்கள். அவன் வேலை போய்விட்டது என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தனியாக அனுப்பியது அவன்தானே.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அப்படியே முடிந்திருக்கும். இருந்திருப்பேன். ஆனால் போன வாரம் கேரல் அந்த எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டினார். கன்னடத்தில் இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஸரியாத யோஜனெ இல்லதெ" என்று போட்டிருக்கிறீர்கள். சரியான திட்டம் எதுவும் இல்லாமல், இடத்தை முன்கூட்டியே பார்வையிடாமல், அஜாக்கிரதையாகப் பிள்ளைகளை அழைத்துச் சென்றதால் மரணம் நிகழ்ந்தது என்று. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயணத்தை ஏற்பாடு செய்தவர் என்று அதே தாளில் என் பெயரும் இருக்கிறது. நாளைக்குக் கோர்ட்டில் இதைச் சத்தமாகப் படிப்பார்கள். பிரிசில்லா கேட்டுக்கொண்டிருப்பார்.

சார், நான் அங்கே போய்ப் பார்வையிட்டேன். எந்த மரத்தடியில் போன் எடுக்கும் என்பது வரை பார்த்தேன். முள்ளை நானே எடுத்துப் போட்டேன். குறிகளைக் கல்லில் வைத்தேன். கயிறு, டார்ச், மருந்து எல்லாம் கையில் இருந்தன. அஜாக்கிரதை என்ற வார்த்தையை என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திட்டம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண்தான் கூட்டத்தோடு வராமல், அவர்கள் என்னைத் தேடுவதற்கு முன்னாலேயே தனியாக வந்துவிட்டாள்.